படையலில் கலர்

பதினாறாம் நாள் நயினாரின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். பிடித்ததை வைக்க வேண்டும் என்று அவருடைய தங்கை வேலம்மாள் ஒரு பாட்டில் கலர் சோடாவை உடைத்து, ஸ்ட்ராவும் செருகி இலையோரம் வைத்தாள்.

"அவரக் கொன்னதக் கொண்டாந்து அவருக்கே படைக்கியாக்கும்?" என்றாள் மனைவி இசக்கியம்மாள்.

சர்க்கரை நோயோடு அந்தக் கலரைக் குடித்துக் குடித்தே முதலில் கால் கட்டைவிரலையும், பிறகு பாதத்தையும், கடைசியில் முழங்கால் வரைக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அரிசிப் பானைக்குள் அவர் ஒளித்து வைத்ததையெல்லாம் தேடித் தேடிச் சாக்கடையில் கொட்டியவள் அவள்.

"செத்தவருக்கு இனிமே என்ன சுகர், மதினி?" என்று வேலம்மாள் கேட்டாள். அதுவும் சரிதான் என்றார்கள் எல்லாரும்.

அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வாசலில் காத்திருந்தார்கள். திறந்தபோது சோறும் குழம்பும் உளுந்தவடையும் வைத்தபடியே இருந்தன. பாட்டில் மட்டும் காலியாக இருந்தது. ஸ்ட்ராவின் நுனியில் பல் பதிந்திருந்தது. அவர் எப்போதும் கடித்துக் கடித்துத்தான் குடிப்பார்.

வேலம்மாள் அழுதுவிட்டாள். "பாவம் அண்ணன், எம்புட்டுத் தாகமோ! இன்னொண்ணு வாங்கிட்டு வாங்கய்யா."

வந்த பாட்டிலை இசக்கியம்மாள் வெடுக்கென்று பிடுங்கினாள். எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள். பாட்டிலைப் படத்துக்கு முன்னால் ணங்கென்று வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்... இப்பக் குடியும், பாப்போம்."