நான்காவது கட்டம்

“பாவம், இன்னிக்காவது அந்த நெட்வொர்க் மேல பழியப் போடாதீங்க” என்று சிரித்துவிட்டு, மனைவி மமதா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

உத்தமன் மடிக்கணினி முன் தனியாக உட்கார்ந்திருந்தான். பொம்மனஹள்ளி வீட்டில் நெட்வொர்க்குக்கு ஒரு குறையும் இல்லை. திக்கியது அவன் வாய்தான்.

சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால் சட்டென்று கேமராவை அணைத்துவிடுவான். ‘நெட்வொர்க் ஸ்லோ’ என்று சாட்டில் தட்டுவான். பல வருடப் பழக்கம்.

கம்பெனியில் புராஜெக்ட் இல்லாமல் ஐம்பத்தெட்டு நாள் ஓடிவிட்டது. அறுபதைத் தொட்டால் வேலை போய்விடும்.

இதுவரை ஐந்து புராஜெக்டுகளின் நேர்காணல்களில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. மதிப்பெண் தாளில் நான்கே கட்டங்கள். கோடிங், டேட்டாபேஸ், பிழை கண்டுபிடிப்பது. மூன்றிலும் அவனை அசைக்க ஆளில்லை.

நான்காவது கம்யூனிகேஷன். ஐந்து முறையும் அதில் ஐந்துக்கு ஒன்று.

அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை யாருமே பொறுத்ததில்லை. ‘ஹலோ, கேக்குதா?’ என்பார்கள். இல்லையென்றால் அவன் சொல்ல வந்ததை அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாக.

திரையில் ஒரு பெண் வந்தார். ஆறாவது புராஜெக்டின் மேனேஜர், குளோரியா. பேசுவதற்கு வாயைத் திறந்தார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

ஐந்து விநாடி. பத்து விநாடி.

இன்றைக்கு நிஜமாகவே நெட்வொர்க் போய்விட்டதா? ஹலோ, கேக்குதா? ஆச்சரியம், அந்த இரண்டு சொற்கள் மட்டும் திக்காமல் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றன.

அப்போதுதான் பார்த்தான்.

அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உத்தமன் அந்த இரண்டு சொற்களையும் விழுங்கினான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அந்த மௌனத்துக்குள் ஒருவர் என்ன பாடுபடுவார் என்று அவனுக்குத் தெரியும். அவசரமே இல்லாதவன்போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கு... கு... குட் மார்னிங், உத்தமன்.” குளோரியா மூச்சு விட்டார். பிறகு மெல்லச் சிரித்தார். “கேக்குதான்னு கேக்காத மொத ஆள் நீங்கதான்.”

கட்டம் போட்ட தாளை முன்னால் இழுத்தார். பேனாவைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதினார்.

உத்தமன் இன்னும் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை.