துக்கச் செய்தித் தேர்வு

சியோலில் மனநல மருத்துவ மேற்படிப்புக்கான செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வுக்கு வருபவர்கள் ஒரு மரணச் செய்தியைப் பக்குவமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். இறந்தவளின் கணவனாக நடிப்பதும் மதிப்பெண் போடுவதும் என் வேலை.

பயிற்சி மருத்துவர் தோயுன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மனசைத் திடப்படுத்திக்கோங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். உங்க மனைவி இறந்துட்டாங்க."

நான் அழுதேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அவங்களைப் பத்திச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க."

"பேரு ஹேரின். கொட்டுற பனியிலயும் ஐஸ் காபிதான் குடிப்பா."

மணி அடித்ததும் தோயுன் சிரித்துவிட்டார்.

"அண்ணே, ஐஸ் காபியெல்லாம் சொந்தச் சரக்கா? அசத்திட்டீங்க! இந்த சீட்டுக்காக ராப்பகலா படிச்சிருக்கேன். முழு மார்க்தானே?"

"ஒரு குறையும் இல்ல டாக்டர்."

மதிப்பெண் தாளில் பூஜ்யம் போட்டு, அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஐயோ, என்னண்ணே விளையாட்டு இது? எங்க தப்பு பண்ணேன்?"

"இன்னைக்கு எதுவும் பண்ணல. போன டிசம்பர்ல, அவசரப் பிரிவுல, ஹேரின் போயிட்டாங்கன்னு என்கிட்ட சொன்னது நீங்கதான். லிஃப்ட் கதவு மூடும்போது உள்ள நின்னுக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கு மார்க் போட ஆளில்ல."