குட்டைக்குப் பின்னால் நெட்டை

ஏரிக்கரை வாடகைக் கடையின் கொட்டகையில் இரண்டு துடுப்புகள் சுவரில் சாய்ந்து நின்றன. தண்ணீரில் மிதக்கும் பலகைமேல் நின்றபடியே துடுப்புப் போட்டுப் போகிறவர்களுக்கானவை.

"ஆளைவிட உசரம் நான். நீ சோத்துக் கரண்டிக்குக் கூடப்பிறந்தவன்டா," என்று நெட்டை ஓயாமல் குட்டையைக் கேலி பண்ணும்.

அன்றைக்குத் தோள்வலியோடு வந்தாள் செங்கமலம். நெட்டையைத்தான் முதலில் எடுத்தாள். உச்சியைப் பிடிக்கிற கை தலைக்குமேல் போனதும், "ஐயையோ, தோளு கழண்டுரும்!" என்று அலறிக் கீழே போட்டுவிட்டு, குட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

நெட்டைக்குப் பொறுக்கவில்லை. குட்டை திரும்பி வந்ததும், "உன்கிட்ட என்னடா கண்டா அவ?" என்று கேட்டது.

"நானும் உன் உசரந்தான் அண்ணே. எவரும் சீண்டலைன்னு கடைக்காரர்தான் ரம்பம் வச்சு அறுத்தார்."

வாசலில் கடைக்காரர் ரம்பத்தோடு வந்து நின்றார். நெட்டை அவசரமாகக் குட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. மறையாத மிச்சம் மட்டும் ரம்பத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது.