வெளியே வராத ஆள்

“வீட்டுக்காரர் என்னைக் கொன்னுடுவாரோன்னு பயமா இருக்கு சார்.”

தனியார் துப்பறிவாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருவில் அவருக்குத் தொப்பி என்றுதான் பெயர். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்ற மாட்டார். தொழிலைக் கற்றுக்கொண்டதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில். சன்னலுக்குப் பட்டைத் திரை போட்டு, அதன் கோடுகள் சுவரில் விழ வேண்டும் என்பதற்காகவே வெளியே சொந்தச் செலவில் ஒரு விளக்கும் மாட்டியிருந்தார். இப்போது வெளியே மழை, எதிரே பயந்துபோன ஒரு பெண். காணாமல் போன நாய்களைத் தேடியே காலத்தை ஓட்டியவருக்கு வேறென்ன வேண்டும்?

“அடிக்கிறாரா?”

“மேல கை வெச்சதில்லை. நான் வேலைக்குப் போனதும் என் அலமாரியைத் திறக்கறார். துணியெல்லாம் எடுத்துட்டு, நான் மடிக்கிற மாதிரியே திரும்ப மடிச்சு வைக்கப் பார்க்கறார். ஓரம் சேர்றதில்லை. நேத்து என் சீப்புல ஒரு நரைச்ச முடி.”

தொப்பி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“ராத்திரியெல்லாம் நடந்துக்கிட்டே இருக்கார் சார். நான் புரண்டு படுத்தா காலடி நின்னுடும்.”

“நேரா கேட்டீங்களா?”

“கேட்டேன். சிரிக்கிறார். உன்னை எங்கேயும் போக விடமாட்டேங்கறார். எனக்கு முன்னாடி இருந்தவ என்ன ஆனான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

மூத்த தாரம் என்று தொப்பி மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“போலீஸ்ல சொல்லலையா?”

“போனேன். வீட்டுக்காரர்னு ஆரம்பிச்சதுமே, வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்துக்கம்மான்னு அனுப்பிட்டாங்க.”

“அவர் பேர்?”

“அதை என் வாயால சொல்ல மாட்டேன்.”

“போட்டோவாவது இருக்கா?”

“அவர் போட்டோ எனக்கு எதுக்கு சார்?”

நியாயம்தான் என்று தோன்றியது. கோபம் வந்தால் தொப்பியின் மனைவியும் அப்படித்தான் பேசுவாள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “வெள்ளிக்கிழமை வேலைக்குப் போற மாதிரி கிளம்பி அப்படியே போயிடப் போறேன். பழைய அச்சகத்துக்கு எதிர்ல, தையற்கடைக்கு மேல என் சிநேகிதி இருக்கா. இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அவர் என்ன பண்றார்னு மட்டும் பார்த்துக்கோங்க.”

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், தொப்பி அவள் வீட்டுக்கு எதிரே ஒரு கடையோரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். அவள் இருந்தது கீழ்த்தளம். கதவு திறக்கவேயில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆள் வரவும் இல்லை, போகவும் இல்லை. மழையில் தலையிலிருந்த தொப்பி ஊறிக் கனத்ததுதான் மிச்சம். ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. அவர் பார்த்த படங்களில் கெட்டவன் கடைசி ரீல் வரை நிழலில்தான் இருப்பான்.

“மழையில நிக்காதீங்க தம்பி. மேல வாங்க.”

மாடியிலிருந்து கூப்பிட்டவர் ஒரு பெரியவர். கனிவான முகம். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார். சூடாக டீ கொடுத்தார். கீழ்வீட்டு வாசல் அப்படியே தெரிகிற சன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்தார். படங்களில் இப்படிப்பட்ட சன்னலோரத்துப் பெரியவர்தான் எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சியாக இருப்பார். தொப்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கீழ் வீட்டுப் பொண்ணு விஷயமா வந்தேன். அவங்க புருஷன் எப்படிப்பட்ட ஆள்?”

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“புருஷனா?”

கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க? அவன் வெளியவே வர மாட்டான். நீங்க எத்தனை நாள் நின்னாலும் பார்க்க முடியாது. பாவம், தங்கமான பொண்ணு. எப்படியாவது தப்பிச்சுப் போயிட்டான்னா நல்லது.”

“போகத்தான் போறாங்க, வெள்ளிக்கிழமை. அவன் பின்னாலயே கிளம்பினா நீங்க எனக்கு ஒரு போன் பண்ணணும்.”

“பண்ணிட்டாப் போச்சு. எந்தப் பக்கம் போறா? அவன் அந்தப் பக்கம் திரும்பினா எனக்கு அடையாளம் தெரியணுமில்ல?”

கேள்வியில் அர்த்தம் இருந்தது. தொப்பி சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே போன் செய்தாள். முதல்முறையாகக் குரலில் சிரிப்பு இருந்தது.

“வந்து சேர்ந்துட்டேன் சார். சிநேகிதி இன்னும் வேலையிலேர்ந்து வரலை. சாவியைத் தையற்கடையில கொடுத்து வெச்சிருந்தா. அவருக்கு ஒண்ணும் தெரியாது இல்ல?”

“துளிகூடத் தெரியாது. ஆளே வெளிய வரலை. உங்க மாடியில இருக்கிற பெரியவர்தான் எனக்கு ரொம்ப ஒத்தாசை. நல்ல மனுஷன். உங்க மேல அவ்வளவு அக்கறை. நீங்க இருக்கிற இடத்தைக்கூட அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஆபத்துன்னா ஓடி வருவார்.”

மறுமுனையில் யாரோ மரப்படியில் நிதானமாக ஏறி வரும் சத்தம் தொப்பிக்கே கேட்டது. அது கதவருகே வந்து நின்றது.

“உங்க சிநேகிதி வந்துட்டாங்க போல.”

“மாடியில இருக்கிறவர்தான் சார் வீட்டுக்காரர்,” என்றாள், மூச்சுக்காற்றே குரலாக. “நான் அங்கே வாடகைக்கு இருந்தவ. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.”