மாதிரிக் கிராமம்

சாலைப் பொறியாளர் விடுதிக் குளியலறைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டதும் அரங்கமே சிரித்தது.

அவர் கிராமத்துக்காரர். நான் அதிகாரி. மலைச்சரிவில் இருக்கும் வீட்டைக் காலி செய்ய, மனம் நோகாமல், நான் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பயிற்சி முகாமின் கடைசி நாள் நாடகம் அது.

எனக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு, 'மாறும் பருவநிலையில் நீடித்த மலை மேலாண்மை' என்று பேனர் தொங்கியது. ஏசி காற்றில் 'மேலாண்மை' மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு நாடகம். எனக்கு ஒத்திகை.

திங்கட்கிழமை நான் நிஜமான ஒரு சரிவுக்குப் போய், நிஜமான மனிதர்களிடம், மழை வலுப்பதற்குள் இறங்கிவிடுங்கள் என்று சொல்லியாக வேண்டும். நிலவியல் படித்து இத்தனை வருடத்தில் பாறை என்னிடம் பொய் சொன்னதில்லை. மனிதர்கள் என் பேச்சைக் கேட்டதுமில்லை. போன தடவை வேறொரு ஊருக்குப் போனேன். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஜீப் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். ஒரு வீடும் காலியாகவில்லை.

அந்த மலை மட்டும்தான் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

பயிற்றுநர் மணியடித்தார். முகாம் தொடங்கியதிலிருந்து மலையைப் பற்றியே பேசி வருபவர். விடுதியின் மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

கையேட்டில் இருந்தபடியே ஆரம்பித்தேன். "ஐயா, உங்கள் வாழ்வாதாரத்தை மையப்படுத்திய பங்கேற்பு அணுகுமுறையின் அடிப்படையில்…"

"ஏம்மா, இப்ப நீங்க என்னைத் திட்டுறீங்களா, வாழ்த்துறீங்களா?" என்றார் பொறியாளர்.

கைதட்டல். சுற்றுலாத் துறைக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

அதன் பிறகு பொறியாளரைப் பிடிக்க முடியவில்லை. மலையை வெட்டி ரோடு போடுவது அவர் தொழில். வெட்டிய மலை சரிந்தால் சுவர் கட்டுவதும் அவர்தான். அப்படிப்பட்டவருக்குக் கிராமத்துக்காரர் வேஷம் எப்படித்தான் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதோ!

"மழைன்னா பெய்யத்தான் செய்யும். அதுக்காக வீட்டைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஓட முடியுமா?"

"இந்த மலை சாயணும்னா எங்கப்பா காலத்துலேயே சாஞ்சிருக்கும்."

"நீங்க ஏசி ரூம்ல உக்காந்து கலர் கலரா படம் போடுவீங்க, நாங்க மூட்டை கட்டணுமா?"

ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் பதில் இருந்தது. வாசித்தேன். என் குரல் எனக்கே ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கேட்டது.

"ஒரு குறையும் இல்லம்மா எங்க வீட்டுல," என்று அவர் கடைசியாக ஒரு வீச்சு வீசினார். "பின்னாடி ரூம் கதவு ஒண்ணு மூட மாட்டேங்குது. அதையும் கார்பெண்டரைக் கூப்பிட்டு இழைச்சாச்சு. ஒரு கதவுக்காக யாராவது ஊரை விட்டுப் போவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநரும் தன் அந்தஸ்தை மறந்து சிரித்தார்.

நான் கையேட்டை மூடினேன். துணிச்சல் எல்லாம் இல்லை, அலுப்பு. ஆளைச் சம்மதிக்க வைப்பது எனக்கு வராது. கதவு வரும்.

"மேல இடிக்குதா, கீழ இடிக்குதா?"

"எது?"

"கதவுங்க."

"போன மழைக்கு மேல் மூலையில இடிச்சுது. இப்ப கீழயும் தரையைத் தேய்க்குது. மழைன்னா மரம் ஊதத்தானே செய்யும்?"

"ஊதின மரம் வெயிலுக்குச் சுருங்கணும். கோடையில மூட முடிஞ்சுதா?"

அவர் பார்வை என்னை விட்டுத் தரைக்கு இறங்கியது. எங்கே நிறுத்த வேண்டும் என்று நல்ல நடிகனுக்குத் தெரியும் என்று பின்வரிசையில் யாரோ வியந்தார்கள்.

"அப்ப கதவு மேல தப்பில்ல. மண்ணோட சேர்ந்து சுவர் நகருது. இழைக்க இழைக்க மரம்தான் தீரும். அந்த ரூம்ல யார் படுக்குறாங்க?"

அவர் தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பசங்க," என்றார்.

"இனிமே படுக்க வேணாம்."

மணி அடித்தது.

பயிற்றுநர் மைக்கைப் பிடித்தார். கதவு உதாரணம் சுவாரஸ்யமானது, ஆனால் கையேட்டில் கதவு இல்லை என்றார். பங்கேற்பு அணுகுமுறையைப் பாதியில் கைவிட்டதற்காக எனக்கு மதிப்பெண் குறைத்தார். கிராமத்துக்காரராக வாழ்ந்தே காட்டிய பொறியாளருக்குப் பலத்த கரவொலி கேட்டார். கிடைத்தது.

"விடுங்க மேடம்," என்றார் வனத்துறைக்காரர். "அந்த ஆளு வேஷம் கட்டினா யாரால ஜெயிக்க முடியும்?"

தோற்றதில் எனக்கு வருத்தமில்லை, பழக்கம்தான். திங்கட்கிழமையை நினைத்தால்தான் கவலை.

தேநீர் இடைவேளை. நீடித்த மேலாண்மை கற்றவர்கள் பிஸ்கட் தட்டை ஒரே பாய்ச்சலில் காலி செய்தார்கள். நான் மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினேன்.

பொறியாளர் அங்கே நின்றிருந்தார். தலையில் துண்டு அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பசங்க படுக்கையை முன் ரூமுக்கு எடுத்துடு… சாயங்காலம் இல்ல, இப்பவே… கார்பெண்டரும் வேணாம், கீர்பெண்டரும் வேணாம்… நானா சொல்லலைடி, இங்க ஒரு மேடம் சொல்றாங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி.

"சேச்சே, அதிகாரியெல்லாம் இல்ல," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கதவைப் பத்தித் தெரிஞ்சவங்க."