துணைக்கு ஓர் ஊசி

“முதல்ல நீ கையை நீட்டு. வலிக்குதான்னு சொல்லு. அப்புறம் நான் நீட்டறேன்.”

கணவர் இப்படிச் சொன்னதும், ஊசியும் கையுமாக நின்ற நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கு! தீப்பொறி மேல தெறிச்சா, தட்டிவிட்டுட்டு வேலையைப் பார்க்கிற வெல்டர், ஊசிக்குப் பயப்படறாராம். வெளியில சொன்னா சிரிப்பாங்க” என்று தலையில் அடித்துக்கொண்டே மனைவி கையை நீட்டினாள்.

மூன்று வாரமாக இதே கூத்துதான். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், இடது கண்ணிமை துடிக்கிறது என்றார். அவள் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியலையே?”

“இப்பத்தான் நின்னுச்சு.”

அவள் பார்க்கும்போதெல்லாம் அது நின்றுவிடும். வெல்டிங் வெளிச்சம், தூக்கம் போதவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. டாக்டரைப் பார்த்தே தீரவேண்டும், நீயும் வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். அது வந்ததும் ஈ.சி.ஜி. என்றார். பிறகு எக்ஸ்ரே. பிறகு மறுபடியும் ரத்தம். கிணறு வெட்டப் போய் பூதம் புறப்பட்ட கதையாக, ஒன்று முடிந்தால் இன்னொன்று முளைத்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் இவர் குழந்தை மாதிரி நின்றுகொள்வார். “துணைக்கு நீயும் எடுத்துக்கோ. இல்லைன்னா நான் வரலை.”

“எடுத்துக்குங்களேம்மா, அவருக்கும் தைரியமா இருக்கும்” என்று டாக்டரும் ஒத்து ஊதுவார்.

அவள் தைக்கும் இடத்தில் பள்ளிச் சீருடைக்கு இருநூறு காலர் பாக்கி கிடந்தது. இருந்தாலும் வந்தாள். கட்டியவர் பயப்படும்போது காலர் என்ன காலர்?

இன்றைக்கு ரத்தத்தோடு விடவில்லை. மாடியில் இதய ஸ்கேன் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது.

“கண்ணிமை துடிக்கறதுக்கு நெஞ்சுல எதுக்குங்க ஸ்கேன்?”

“எல்லாம் ஒரே உடம்புலதானே இருக்கு?”

“அப்ப கால் நகத்தை மட்டும் ஏன் விடறீங்க? அதையும் காட்டிட்டு வந்துடுவோம்.”

நர்ஸ் இந்த முறை வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

படிக்கட்டு வளைவில், செருப்பு வாரைச் சரிசெய்ய அவள் நின்றாள். அவரும் நின்றார். அவள் முடிக்கும் வரையில் அவசரமே படவில்லை.

ஸ்கேன் அறைக்கும் வழக்கம்போல அவள்தான் முதலில் போனாள். அவர் பிறகு போய்விட்டு வந்தார். வந்தவர் டாக்டர் அறை வாசலில், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஓர் இமைத் துடிப்புக்கு இத்தனை பரிசோதனையா? இவருக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது. என்னிடம் மறைக்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டாள். ‘சாமி, அவருக்கு எது இருந்தாலும் அதை என் உடம்புக்கு மாத்திடு. நான் பார்த்துக்கறேன்.’ கடைத்தெருவில் அவர் கையிலிருக்கும் கனமான பையை வாங்கிக்கொள்வதுபோல, அத்தனை இயல்பாகக் கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பயப்பட வேண்டாம். நல்ல நேரத்துல கண்டுபிடிச்சிருக்கோம். இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. சரிபண்ணிடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா கஷ்டம்.”

அவள் சட்டென்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இருக்கேங்க. நீங்க தைரியமா இருங்க.”

டாக்டர் கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“அம்மா, இது உங்க ரிப்போர்ட்.”

அவள் விழித்தாள்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி இவர் தனியா வந்தார். ‘என் சம்சாரம் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி நிக்கறா. கேட்டா, செருப்பு கடிக்குதுங்கறா. அவளுக்குன்னு கூப்பிட்டா எந்தக் காலத்திலயும் வரமாட்டா. எனக்குன்னா ஓடி வருவா, டாக்டர்’னு சொன்னார்.”

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவரது முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பழைய ஊசித் தழும்புகள், அவள் கையில் இருந்த அதே எண்ணிக்கையில்.

“அப்ப உங்க கண்ணு?”

“அது துடிக்கவே இல்லை” என்றார் வெல்டர், தரையைப் பார்த்தபடி. “ஆனா, ஊசின்னா பயம்னு சொன்னேனே, அது மட்டும் நிஜம்.”