ஏழாம் எண் பைன் மரம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எங்கள் ஏரிக்கரையில் ஊர்ச் சட்டம் கண்டிப்பானது. மரத்தை வெட்டினால் அடிக்கட்டையை விட்டுவைத்து, பக்கத்தில் ஒரு கன்று நட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத் தகடு உண்டு. மே மாதம் அதிகாரி வந்து எண்ணியபோது என் ஏழாம் எண் பைன் மரத்தைக் காணவில்லை.

"வெட்டுனேன்னு கையெழுத்துப் போட்டு, கன்னு நட்டுருங்க பெருசு. இல்லேன்னா தண்டனையா உங்க படகுத்துறையப் பிரிச்சிருவாங்க," என்றார் ஊர் அதிகாரி டெரில்.

"வெட்டியிருந்தா அடிக்கட்டை இருக்கணுமே தம்பி. காட்டுங்க பாப்போம்."

அங்கே தண்ணீர் நிறைந்த பள்ளம்தான் இருந்தது.

"அப்ப மரம் எங்க போச்சு?"

"சொல்லிட்டுப் போகல. கன்னு நடமாட்டேன். திரும்பி வந்தா அது எங்க நிக்கும்?"

ஜூனில் படகுத்துறையைப் பிரித்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

அக்டோபரில் டெரில் மறுபடி எண்ண வந்தார். ஏழாம் எண் தன் இடத்தில் நின்றது. இடுப்பளவு உயரத்துக்குப் பட்டை ஈரமாக இருந்தது. ஏப்ரலில் நான் கிளையில் காயப்போட்ட சட்டை அங்கேயே தொங்கியது. பொத்தான்களை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள்.

டெரில் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். எட்டாம் எண் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

அவர் கையெழுத்துக்காகத் தாளையும் பேனாவையும் நீட்டினார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இப்ப இது போயிட்டு வர்ற முறை, தம்பி."